கிராஸ் ஸ்டிட்ச்: டப்பாவை இறக்கி ஏற்றவே நேரம் சரியாகிவிடுகிறது, வழி சொல்லுங்கள்

திருச்சிக்காரி கேட்டது:

தோழிகளுக்கு வணக்கம். கிராஸ் ஸ்டிட்ச் (கட்டம் எண்ணிப் பெருக்கல் குறி மாதிரி போடும் தையல்) செய்பவர்கள் இருந்தால் கொஞ்சம் உதவுங்கள்.

அங்குலத்துக்கு 14 கட்டம் உள்ள ஐடா துணியில் ஒரு மயில் போட்டுக்கொண்டிருக்கிறேன். படம் 180 கட்டம் அகலம், 220 கட்டம் உயரம், 42 நிறம். ஆங்கர் கம்பெனி நூல், இரண்டு பிரி (இழை). போன தீபாவளி சமயத்தில் ஆரம்பித்தது, இன்னும் கழுத்தைத் தாண்டவில்லை.

காலையில் சமையல், பிறகு அலுவலகம், மாலையில் மகளின் வீட்டுப்பாடம் (மூன்றாம் வகுப்பு) என்று வார நாள் ஓடிவிடும். இரண்டு படுக்கையறை உள்ள ஃபிளாட். ஒன்று எங்களுக்கு, ஒன்று அத்தைக்கு. தையல் சாமான் எல்லாம் பரண்மேல் ஒரு பெரிய டப்பாவில் இருக்கிறது. ஞாயிறு மதியம் அதை இறக்கி, சாப்பாட்டு மேசையைத் துடைத்து, நூல்களைப் பரப்பி, போன வாரம் எந்தக் கட்டத்தில் நிறுத்தினேன் என்று தேடிக் கண்டுபிடிப்பதற்குள் அரை மணி போய்விடுகிறது. ஊசி கோத்ததும் யாராவது கூப்பிடுவார்கள். அப்புறம் எல்லாவற்றையும் எடுத்து வைக்க வேண்டும்.

இது போதாதென்று கணக்கும் தவறுகிறது. இடது பக்கத்து இறகு ஒரு வரிசை நகர்ந்துபோய், நிறையப் பிரிக்க வேண்டியதாயிற்று. துணியை இழுத்துப் பிடிக்கும் ரிங் போட்ட இடத்தில் வட்டமாகத் தடம் விழுந்து போகவே மாட்டேன் என்கிறது.

பால்கனியைக் கண்ணாடி போட்டு அடைத்து, மேசை வைத்து, எனக்கென்று ஒரு கைவேலை அறை ஆக்கிவிடலாம் என்கிறார் கணவர். தச்சரிடம் பேசியும் விட்டார். செய்யலாமா? இடம் கிடைத்தால் நேரமும் கிடைக்குமா? இந்த வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும், விட மனசில்லை.

---

நூல்கண்டு எழுதியது:

முதலில் உங்கள் மயிலின் கணக்கைப் பார்த்துவிடுவோம். 180 × 220 என்றால் மொத்தம் 39,600 கட்டம். துணியில் ஏறக்குறைய 13 அங்குலத்துக்கு 16 அங்குலம். பின்னணியை வெறுமனே விட்ட படமாக இருந்தால் இதில் பாதி தைத்தால் போதும், அப்படியே வைத்துக்கொள்ளலாம். 20,000 தையல். நிதானமாகத் தைக்கும் கை மணிக்கு 100 தையல் போடும். ஆக 200 மணி நேர வேலை. ஞாயிறு ஒரு மணி நேரம் மட்டும் உட்கார்ந்தால் நான்கு வருஷம் ஆகும்.

உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. உங்கள் கையில் குறை ஒன்றும் இல்லை, படம் அவ்வளவு பெரியது. அது தெரிந்தாலே "ஏன் நகரவே இல்லை" என்ற வருத்தம் குறையும்.

இன்னொன்று. படத்தாளில் பத்துக்குப் பத்து தடித்த கோடு போட்டிருப்பார்கள் அல்லவா? அந்த ஒரு பெட்டியில் 100 தையல், அதாவது ஒரு மணி நேர வேலை. இனி "இன்று மயில் தைக்கப் போகிறேன்" என்று உட்காராதீர்கள். "இன்று இந்தப் பெட்டி", முடியாவிட்டால் "பாதிப் பெட்டி" என்று உட்காருங்கள்.

பால்கனி விஷயம் எனக்குத் தெரியாது, மற்றவர்கள் சொல்வார்கள். ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்தால் நேரம் பரணிலும் தேடலிலும்தான் போகிறது. அதை நிறுத்தினாலே வாரத்துக்கு அரை மணி நேரமாவது மிஞ்சும்.

---

தையல் ஆசிரியை எழுதியது:

நூல்கண்டு சொன்னது சரி. பள்ளியில் தையல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். எங்கள் பிள்ளைகள் கட்டம் கட்டமாக நெய்த மேட்டி துணியில்தான் பழகினார்கள். கணக்கு தவறுவதற்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன், அம்மா.

துணியிலும் பத்துப் பத்துக் கட்டமாகக் கோடு போட்டுவிடுங்கள். ஒரு ஞாயிறு முழுக்க அதற்கே போனாலும் பரவாயில்லை. தண்ணீரில் அழியும் பேனா கடையில் கிடைக்கிறது. அதைப் போட்டால், துவைத்துக் கோடு முழுக்கப் போன பிறகுதான் இஸ்திரி. சூடு பட்டால் மை துணியிலேயே தங்கிவிடலாம். சூட்டில் அழியும் பேனா வேண்டாம், கடுங்குளிரில் அந்தக் கோடு திரும்பத் தெரியும். வெளிநாட்டில் இருக்கும் சொந்தத்துக்குப் பரிசாக அனுப்பினால் அங்கே போய்க் கோடு கோடாக நிற்கும். எனக்குப் பிடித்தது மெல்லிய தூண்டில் நரம்பு. பத்துக் கட்டத்துக்கு ஒருமுறை மேலும் கீழுமாக ஓட்டிவிடுங்கள். ஊசி அதைக் குத்தாது, தையல் முடிந்ததும் ஒரே இழுப்பில் வந்துவிடும். சாதாரணத் தையல் நூலில் ஓட்டினால் ஊசி அதையும் சேர்த்துக் குத்தி, பிறகு உருவ வராது.

படத்தாளை நகல் எடுத்து வைத்துக்கொண்டு, தைத்த கட்டத்தை மஞ்சள் பேனாவால் அடித்துக்கொண்டே வாருங்கள். ஊசியை அடுத்துப் போட வேண்டிய கட்டத்திலேயே குத்தி நிறுத்துங்கள். மறுபடி எடுக்கும்போது தேடவே வேண்டாம்.

நூல் தொடங்கவும் சுலப வழி உண்டு. இரண்டு பிரிதானே போடுகிறீர்கள்? ஒரே பிரியை இரட்டிப்பு நீளத்துக்கு வெட்டி, நடுவில் மடித்து, இரண்டு முனையையும் ஊசியில் கோத்துவிடுங்கள். மறுபக்கம் வளையமாக நிற்கும். முதல் குத்து மேலே வந்து கீழே போகும்போது ஊசியை அந்த வளையத்துக்குள் விட்டு இழுத்தால் பூட்டிக்கொள்ளும். முடிச்சு வேண்டாம், பின்பக்கமும் வழவழப்பாக இருக்கும்.

---

கோவைக்காரி எழுதியது:

பால்கனி வேண்டாம் அக்கா! தச்சரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

பருத்தி நூல் நாள்பட வெயிலில் கிடந்தால் வெளுக்கும். ஐடா துணி அழுக்கைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும். கண்ணாடி போட்டு அடைத்தால் சித்திரையில் திருச்சி பால்கனியில் உட்கார முடியுமா? ஐப்பசி மழையில் ஈரம் வேறு. எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம், நீங்கள் பால்கனிக்குப் போய் உட்கார்ந்தால் வீடு உங்களைத் தேடி அங்கே வரும். வீடு இருக்கிற இடத்தில் நீங்கள் உட்கார்ந்துவிட்டால் பாதிக் கூப்பிடல் குறையும்.

என் வீடும் இரண்டு படுக்கையறைதான். ஹாலில் ஜன்னல் பக்கம் ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன். வலது கைக்காரர் என்றால் வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து வர வேண்டும், அப்போதுதான் கையின் நிழல் துணியில் விழாது. பக்கத்தில் சமையலறைக்கு விற்கும் சக்கரம் வைத்த மூன்றடுக்கு டிராலி. மேல் தட்டில் இப்போது தைக்கும் வேலை, நடுவில் நூல், கீழே மற்றவை. மேலே ஒரு பழைய பருத்திப் புடவையை மடித்துப் போட்டுவிடுவேன், தூசி படாது. விருந்தாளி வந்தால் கட்டில் பக்கம் தள்ளிவிடலாம். இரவுக்கு ஒரு கிளிப் விளக்கு போதும், பல்பின் அட்டையில் 6500கே என்று போட்ட வெள்ளை வெளிச்சமாகப் பார்த்து வாங்குங்கள். மஞ்சள் வெளிச்சத்தில் உங்கள் மயிலின் நீலமும் பச்சையும் ஒன்றுபோலத் தெரியும்.

நூலைக் கண்டாகவே விடாதீர்கள். சிறு அட்டைகளில் சுற்றி, தலையில் நிற எண்ணை எழுதிவிடுங்கள். காகிதச் சுற்று கழன்று எண் தொலைந்துவிட்டால் கடையில் போய் அதே நிறத்தைக் கண்ணால் தேடுவது பெரிய பாடு. அறை அறையாகத் தடுத்த பிளாஸ்டிக் பெட்டியில் எண் வரிசையில் வைத்தால் 42 நிறமும் ஒரே பெட்டியில் அடங்கும்.

மகள் இருக்கிறாள் என்பதால் சொல்கிறேன், ஊசியை எண்ணி எடுத்து எண்ணி வையுங்கள். ஒரு காந்தத் துண்டு டிராலியிலேயே ஒட்டியிருக்கட்டும். முடிந்தால் அவளுக்கும் 11 கட்டத் துணி ஒரு துண்டும் மொட்டை முனை ஊசியும் கொடுத்து உட்கார வையுங்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இது நன்றாகவே வரும்.

---

திருச்சிக்காரி எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. பால்கனி யோசனையைக் கைவிட்டாயிற்று. கோவைக்காரி சொன்ன மாதிரி டிராலி ஒன்றைத் துணி மடிக்கும் அறையிலிருந்து மீட்டுவிட்டேன்.

ஆனால் எப்போது உட்காருவது என்பது இன்னும் பிடிபடவில்லை. இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் எனக்கு ஓய்வு. அப்போது கண் சொருகுகிறது, எண்ண முடியவில்லை. அத்தையும் "இத்தனை சிரமப்பட்டு இதை என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்கிறார். கோபமாகக் கேட்பதில்லை, ஆனாலும் எனக்குச் சுருக்கென்று இருக்கிறது.

---

ஞாயிறு தையல் எழுதியது:

நான் ஷிப்ட் வேலை பார்ப்பவன். இதே சிக்கலில் இருந்தேன், அதனால் விரிவாக எழுதுகிறேன்.

கிராஸ் ஸ்டிட்ச் முழுக்க ஒரே மாதிரி வேலை கிடையாது. மயிலின் கண்ணைச் சுற்றிப் பார்த்தீர்களானால் ஒவ்வொரு கட்டமும் ஒவ்வொரு நிறமாகச் சிதறிக் கிடக்கும். அதற்கு எண்ணும் கவனம் வேண்டும், பகல் வெளிச்சம் வேண்டும். அதே மயிலின் மார்பில் ஒரே நீலம் வரிசை வரிசையாக ஓடும். அதற்குக் கை மட்டும் போதும், கண் பாதி மூடியிருந்தாலும் நடக்கும். களைத்த நேரத்தில் சிதறல் பகுதியை எடுத்தால் தவறத்தான் செய்யும்.

அதனால் வேலையைப் பிரியுங்கள். ஞாயிறு பகலில் ஒவ்வொரு பகுதியின் வெளிக்கோட்டை மட்டும் எண்ணித் தைத்துவிடுங்கள். அதற்குள்ளே நிரப்பும் வேலையை வார நாள் இரவுக்கு விடுங்கள். வீட்டில் சீரியல் ஓடும்போது அத்தை பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பலாம். எண்ணவே வேண்டாம். ஒரு வரிசையில் பாதித் தையலை ஒரே திசையில் போட்டுக்கொண்டே போய், திரும்பி வரும்போது மறுபாதி. மேல் தையல் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்க வேண்டும் என்பதை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

அப்புறம், மயிலைத் தவிர ஒரு சின்ன வேலையும் வைத்துக்கொள்ளுங்கள். 20 கட்டம் அகலம், 80 கட்டம் நீளத்தில் புத்தகக் குறி மாதிரி ஒன்று. முழுக்க நிரப்பினாலும் 1,600 தையல்தான். ஜிப் வைத்த சிறு பையில் துணி, படம், வேண்டிய நான்கு நிற நூல், ஊசி, சிறு கத்தரி போட்டு அலுவலகப் பையில் வைத்துவிடுங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பின் கிடைக்கும் நேரம் அதற்கு. பேருந்தில் வேண்டாம், குலுக்கலில் கையைக் குத்திக்கொள்வீர்கள். பெரிய வேலை மெதுவாக நகரும்போது, சின்னது ஒன்று முடிந்து கையில் இருப்பது நிஜமாகவே தெம்பு கொடுக்கும்.

---

தையல் ஆசிரியை எழுதியது:

அத்தை கேட்பதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் கண்ணு. அவர் வயதுப் பெண்கள் பலர் மேட்டி துணியில் மேசை விரிப்பும் தலையணை உறையும் போட்டவர்கள். அவரிடமே கேட்டுப் பாருங்கள், பெட்டிக்குள் ஒன்றாவது பத்திரமாக இருக்கும். இல்லாவிட்டாலும் நூலை அட்டையில் சுற்றும் வேலையை அவர் கையில் கொடுங்கள். நிறம் பிரிப்பதில் பெரியவர்களுக்கு ஒரு தனி ருசி உண்டு.

ரிங் தடத்துக்குப் பதில் சொல்லாமல் விட்டுவிட்டேனே. ஒவ்வொரு நாளும் தைத்து முடித்து எழுந்திருக்கும்போது ரிங்கைக் கழற்றிவிட வேண்டும். உள் வளையத்தில் வெள்ளைப் பருத்தி நாடாவைச் சுற்றித் தைத்துவிட்டால் துணி நழுவாது, தடமும் அழுந்தாது. ஏற்கனவே விழுந்த தடம் துவைத்தால் போகும். வேலை எல்லாம் முடிந்த பிறகு மிதமான சோப்பில் ஊறவைத்து, பிழியாமல் துண்டில் சுருட்டி ஈரம் ஒற்றி எடுத்து, தடித்த துண்டின் மேல் குப்புறப் போட்டுப் பின்பக்கம் இஸ்திரி போடுங்கள். முன்பக்கம் போட்டால் தையல் சப்பையாகிவிடும். சிவப்போ கருநீலமோ சாயம் விட்டால் பதறாமல் குளிர்ந்த தண்ணீரில் அலசிக்கொண்டே இருங்கள். தண்ணீர் தெளியும்வரை காயவிடக் கூடாது.

---

கோவைக்காரி எழுதியது:

டீச்சரம்மா, ஒன்றே ஒன்றில் மட்டும் நான் மாறுபடுகிறேன். ஊசியை அடுத்த கட்டத்திலேயே குத்தி வைக்கச் சொன்னீர்கள். ஒரே நாளில் மறுபடி எடுப்பதாக இருந்தால் சரி. மழைக்காலத்தில் வாரக்கணக்கில் அப்படி நின்றால் ஊசி துருப்பிடித்துத் துணியில் பழுப்புப் புள்ளி விழும், அந்தக் கறை லேசில் போகாது. கை வியர்க்கிறவர்களுக்கு ஊசியின் பூச்சு இன்னும் சீக்கிரம் போய்விடும்.

---

தையல் ஆசிரியை எழுதியது:

நீங்கள் சொல்வதுதான் சரி. அப்படியானால் ஊசியைப் படத்துக்கு வெளியே, துணியின் ஓரத்தில், தைத்துக்கொண்டிருக்கும் வரிசைக்கு நேராகக் குத்துங்கள். சட்டம் போடும்போது அந்த ஓரம் உள்ளே போய்விடும். ஒரு வாரத்துக்கு மேல் எடுக்கப் போவதில்லை என்றால் காந்தத்தில் மாட்டிவிடுங்கள்.

---

திருச்சிக்காரி எழுதியது:

இப்போதைய நிலவரம் சொல்லிவிடுகிறேன். தூண்டில் நரம்பு ஓட்டிவிட்டேன், இறகைத் திருப்பிப் போட்டதில் கணக்கு சரியாக உட்கார்ந்தது. இரவு எல்லா நாளும் முடிவதில்லை. முடிகிற நாளில் மார்பு நீலத்தை நிரப்புகிறேன், எண்ணாமல் தைப்பது இவ்வளவு நிம்மதி என்று தெரியாமல் போயிற்று. மதிய நேரம் புத்தகக் குறிக்குப் போகிறது, அலுவலகத்தில் இன்னும் ஒருவர் கற்றுக்கொடுக்கச் சொல்லியிருக்கிறார். நூல் சுற்றுவது அத்தை பொறுப்பு. நீலம் மட்டும் ஒன்பது இருக்கிறது, ஒன்றோடொன்று கலக்காமல் அவர்தான் எண் எழுதி வைத்தார்.

ஒரு சந்தேகம் பாக்கி. கருநீல நூல் ஒரு கண்டுதான் மிச்சம். மறுபடி வாங்கினால் நிறம் கொஞ்சம் மாறிவிடுமா?

---

நூல்கண்டு எழுதியது:

எண் ஒன்றாக இருந்தாலும் சாயம் போட்ட தொகுதிக்குத் தொகுதி மெல்லிய வித்தியாசம் வரலாம். பழைய கண்டு தீருவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். மார்பின் நடுவில் திடீரென்று மாற்றாமல், ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் புது நூலுக்கு மாறுங்கள். நடுவிலேயே மாற வேண்டி வந்தால், ஊசியில் பழையது ஒரு பிரி, புதியது ஒரு பிரி என்று சேர்த்துச் சில வரிசை போட்டுவிட்டு முழுக்கப் புதியதற்குப் போங்கள். மடித்துப் பூட்டும் தொடக்கம் அந்த வரிசைகளுக்கு ஆகாது, நூல் நுனியைப் பின்பக்கத் தையலுக்கு அடியில் நுழைத்துத் தொடங்குங்கள்.