மறு: ஏடிவி எஞ்சின் ஆயில் கையேடு: ‘ஈரக் கிளட்ச்’ வேண்டாம், ‘எண்ணெய்தோய் கிளட்ச்’ என்போம்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஏடிவி பராமரிப்புக் கையேட்டில் எஞ்சின் ஆயில் பகுதிக்குத் தமிழ்ச் சொற்கள் கேட்டிருந்த நண்பருக்கு வந்த மறுமொழிகள் எல்லாவற்றையும் படித்தேன். காடு, மேடு, சேறு எல்லாம் ஏறும் அந்த நான்கு சக்கர வண்டிக்குப் பெயர் வைப்பதிலேயே பாதி இழை போய்விட்டது. ‘அனைத்து நிலப்பரப்பு ஊர்தி’ ரொம்ப நீளம், ‘எந்நில ஊர்தி’ போதும். அதைத் தலைப்பில் ஒரு தடவை போட்டுவிட்டு உள்ளே ஏடிவி என்றே எழுதலாம், ஆஸ்திரேலியாவில் குவாட் பைக் என்பார்கள் என்று ஒரு வரி சேர்த்தால் சரி. என் கவலை வேறு இடத்தில். ‘வெட் கிளட்ச்’, அதாவது எஞ்சின் ஆயிலில் நனைந்தபடியே ஓடும் கிளட்ச், அதற்கு ‘ஈரக் கிளட்ச்’ என்ற சொல்லைப் பலரும் ஆமோதித்து அது கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது போலத் தெரிகிறது. தயவுசெய்து அதை இன்னொரு முறை யோசியுங்கள்.

இந்தக் கையேட்டில் வாசிப்பவர் பணத்தையும் வண்டியையும் காப்பாற்றப்போவது இந்த ஒரு சொல்தான். கியர் மாற்றி ஓட்டும் கார்களில் கிளட்ச் பெரும்பாலும் எஞ்சின் ஆயில் படாத தனி அறையில் இருக்கிறது. ஹோண்டாவின் டிஆர்எக்ஸ் வரிசையில் பல ஏடிவிகளில் அப்படி இல்லை, மோட்டார் சைக்கிளில் இருப்பது போல எஞ்சின், கிளட்ச், கியர் எல்லாம் ஒரே ஆயிலில்தான் ஓடுகின்றன. உராய்வுத் தகடு ஒன்று, எஃகுத் தகடு ஒன்று என்று மாறி மாறி அடுக்கி ஸ்பிரிங் வைத்து இறுக்கியிருப்பார்கள், அந்த அடுக்கு முழுக்க ஆயிலில் நனைந்தபடியேதான் பிடிக்கவும் விடவும் வேண்டும். அதாவது பேரிங்கில் வழுக்கிவிட வேண்டிய அதே ஆயில் தகடுகளுக்கு நடுவே பிடிப்பைக் கெடுக்காமல் இருக்க வேண்டும். பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று கார் ஆயில்களில் சேர்க்கும் உராய்வுக் குறைப்பிகள் இங்கே வந்தால் தகடுகள் வழுக்கத் தொடங்கும். பின்னால் சுமையைக் கட்டிக்கொண்டு மேட்டில் ஏறும்போது ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் எஞ்சின் சத்தம் மட்டும் ஏறும், வண்டி நகராது.

ஆயில் கேனின் பின்பக்கத்தில் ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம்) வட்டக் குறி இருக்கும். மேல் வளைவில் தர வகை, நடுவில் 10டபிள்யூ-40 மாதிரி எண், கீழ் வளைவில் சில கேன்களில் ‘ரிசோர்ஸ் கன்சர்விங்’ (எரிபொருள் சிக்கன வகை) என்று அச்சிட்டிருப்பார்கள். அந்த வார்த்தை இருந்தால் இந்த வகைக் கிளட்ச் உள்ள வண்டிக்கு அந்தக் கேனை வாங்க வேண்டாம். ஜாஸோ (ஜப்பானிய வாகனத் தரநிலை அமைப்பு) எம்ஏ என்ற சிறு பெட்டிக் குறி இருந்தால் வாங்கலாம். கார் ஆயில்கள் சிக்கனத்துக்காக மாறிக்கொண்டே போனதால்தான் ஜப்பானில் 1998-ல் ஜாஸோ டி903 என்ற தரநிலையே வந்தது. உராய்வு போதுமானதாக இருந்தால் எம்ஏ, குறைவாக இருந்தால் எம்பி. 2006-ல் எம்ஏ-வையே எம்ஏ1, எம்ஏ2 என்று பிரித்தார்கள், இரண்டில் எம்ஏ2-வுக்குப் பிடிப்பு அதிகம். கிளட்ச் தனியாக இருக்கும் ஸ்கூட்டர்களுக்கு எம்பி தாராளமாகப் போதும்.

இப்போது ‘ஈரம்’ என்ற சொல்லுக்கு வருகிறேன். தமிழில் ஈரம் என்றால் தண்ணீர்தான். தலைக்கு எண்ணெய் வைத்தவரைப் பார்த்துத் தலை ஈரமாக இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. சாதாரண வண்டியாக இருந்தால்கூடப் போகட்டும் என்று விட்டிருப்பேன். ஏடிவி ஓடையிலும் சேற்றிலும் இறங்கி ஏறும் வண்டி. போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் போன்றவற்றில் எஞ்சினின் பக்கவாட்டில் ஒரு மூடிக்குள், கியர் மாற்றும் வேலையைச் செய்யும் பெல்ட் ஓடுகிறது, ஆழமான நீரில் இறங்கி அந்த மூடிக்குள் தண்ணீர் புகுந்தால் பெல்ட் வழுக்கும். பெல்ட் ஓடும் கப்பிகளையும் கிளட்ச் என்றே அழைப்பதால், அதைக் கிளட்ச் ஈரமாகிவிட்டது என்று சொல்வதுதான் நம் வாயில் இயல்பாக வரும். அப்படி இருக்க, உலர்ந்தே இருக்க வேண்டிய ஒன்று நனைந்துபோன கோளாறுக்கும், ஆயிலில் நனைந்தே இருக்கும்படி செய்த ஒரு அமைப்புக்கும் ஒரே சொல்லா? ‘ஈரக் கிளட்ச் உள்ள வண்டியா என்று பாருங்கள்’ என்று கையேட்டில் எழுதினால், மூடியைத் திறந்து தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கத்தான் போவார்கள். அது வாசிப்பவர் தப்பு இல்லை. ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்க்கும்போது ஆயில் பால் விட்ட காபி நிறத்தில் கலங்கியிருந்தால் உள்ளே தண்ணீர் கலந்திருக்கிறது, உடனே மாற்ற வேண்டும் என்றும் அதே கையேட்டில் வருகிறது. ஈரம் என்ற சொல்லை அந்த இடத்துக்கு விட்டுவைப்போம்.

மாற்றாக வந்த பரிந்துரைகளில் ‘எண்ணெயூறு கிளட்ச்’ கேட்க நன்றாகவே இருக்கிறது, ஆனால் ஊறு என்றால் கேடு என்றும் பொருள். எண்ணெயால் கெட்டுப்போன கிளட்ச் என்று ஒருவர் படித்தால் மறுக்க முடியாது. ‘எண்ணெய்க்குளியல் கிளட்ச்’ பொருளில் சரி, வாக்கியத்துக்குள் நான்கைந்து தடவை வந்தால் கனக்கும். ‘எண்ணெய்தோய் கிளட்ச்’ என்பது என் பரிந்துரை. தோய்தல் எந்த நீர்மத்துக்கும் பொருந்தும், வினைத்தொகையாக நிற்பதால் தோய்ந்தது, தோய்கிறது, தோயும் என்று மூன்று காலத்துக்கும் இடம் கொடுக்கிறது. கிளட்சும் அப்படித்தானே எப்போதும் ஆயிலில் இருக்கிறது. எதிர்ச்சொல்லுக்கு ‘உலர் கிளட்ச்’ இருக்கட்டும், அதில் குழப்பமில்லை. இந்த இணை நமக்கு உடனே உதவும் ஓர் இடம் சொல்கிறேன்: யமஹா கிரிஸ்லியில் பெல்ட்டும் உண்டு, ஆயிலில் ஓடும் மையவிலக்குக் கிளட்சும் உண்டு. பெல்ட் வண்டிதானே, எந்த ஆயிலும் ஊற்றலாம் என்று நினைப்பவரை, ‘உலர் பெல்ட், எண்ணெய்தோய் கிளட்ச்’ என்று நான்கே சொல்லில் தடுத்துவிடலாம்.

கிளட்சுக்கு ‘உரசிணைப்பி’ போட வேண்டும் என்று சொன்ன ஐயாவின் அக்கறை எனக்குப் புரிகிறது. பாடநூலில் அது இருக்கட்டும். இது கையில் ஸ்பானரோடு படிக்கப்போகும் கையேடு. எந்தப் பட்டறையிலும் கிளட்ச் என்றுதான் சொல்கிறார்கள், அதை மாற்றினால் முன்னால் ஒட்டும் ‘எண்ணெய்தோய்’ என்ற புதுச்சொல்லையும் சேர்த்து வாசகர் இரண்டு புதுச்சொல்லைச் சுமக்க வேண்டிவரும்.

10டபிள்யூ-40 மாதிரி எண்ணைக் கிரேடு என்கிறோமே, அந்தக் கிரேடுக்குத் ‘தரம்’ என்பதையும் நான் ஏற்கவில்லை. தரம் என்றவுடன் 50 என்பது 30-ஐ விட உசத்தி என்று தோன்றிவிடும், விலை கொடுத்து அதையே வாங்குவார்கள். இது உசத்தி தாழ்த்தி இல்லை, பாகுநிலையின், அதாவது ஆயில் எவ்வளவு கெட்டி என்பதன், அளவு மட்டும்தான். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கிறது. அதற்கு முன்னால் உள்ள எண் சின்னதாக ஆக ஆகக் கடுங்குளிரிலும் ஆயில் இறுகாமல் எஞ்சினைச் சுற்றவிடும்: 10டபிள்யூ-வுக்குச் சோதனை -25 டிகிரியில், 5டபிள்யூ-வுக்கு -30-ல், 0டபிள்யூ-வுக்கு -35-ல். கனடாவில் பனி வழிக்கும் வண்டிக்கு இது முக்கியம். பின்னால் உள்ள எண் 100 டிகிரி சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்பது, 40 என்றால் 12.5-லிருந்து 16.3 சென்டிஸ்டோக்கிற்குள் (பாகுநிலையின் அலகு). மெதுவாகப் போய்க்கொண்டே அதிகச் சுமை இழுக்கும் ஏடிவியில் காற்றோட்டம் குறைந்து ஆயில் நன்றாகச் சூடாகும், போதாததற்கு கியர் பற்கள் ஆயிலில் உள்ள பாலிமரை நசுக்கி அதை இளக்கிவிடும், ஆக இந்த எண்ணையும் அலட்சியம் செய்ய முடியாது. அதற்காகத் தானாகவே கெட்டி ஆயிலுக்குத் தாவவும் வேண்டாம். போலாரிஸ் தன் எஞ்சின்களுக்கு 5டபிள்யூ-50 சொல்கிறது, ஹோண்டா பல ஏடிவிகளுக்கு 10டபிள்யூ-30 சொல்கிறது, அந்தந்த வண்டியின் புத்தகம் சொல்வதே சரி.

கிரேடுக்கு ‘பாகுப்படி’ என்று வைக்கலாமா? பாகுப்படி 30, பாகுப்படி 40 என்று எழுதிப் பார்த்தேன், ஓடுகிறது. ‘பாகியல் எண்’ இயற்பியலில் வேறொன்றுக்கு ஏற்கெனவே இருப்பதால் அதைத் தொட வேண்டாம். இலங்கை நண்பர்கள் பாகுநிலையைப் பிசுக்குமை என்று எழுதுவதால் அவர்களுக்குப் ‘பாகுப்படி’ எப்படி ஒலிக்கிறது என்று தெரிய வேண்டும். 10டபிள்யூ-40 போல இரண்டு எண் கொண்ட மல்டிகிரேடுக்கு ‘இருபடி’ என்று போனால் கணக்குப் பாடத்தோடு முட்டிக்கொள்ளும். இப்போதைக்கு மல்டிகிரேடு என்றே விட்டுவிடலாம், உங்களிடம் நல்ல சொல் இருந்தால் இதே இழையில் எழுதுங்கள்.

அன்புடன்.