டைமிங் பெல்ட் மாற்ற இவ்வளவு செலவாவது ஏன்?

கேள்வி: என் காரின் டைமிங் பெல்ட்டை மாற்ற வேண்டுமென்கிறார் மெக்கானிக். பெல்ட்டின் விலையைவிடக் கூலி பல மடங்கு இருக்கிறது. வண்டி நன்றாக ஓடும்போது இதைத் தள்ளிப்போடலாமா?

பதில் 1: தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். எஞ்சினின் வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒத்திசைவாக இயங்க வைக்கும் ரப்பர் பட்டையான அந்தப் பெல்ட் பெரும்பாலும் முன்னறிகுறியின்றியே அறுந்துவிடும். பல எஞ்சின்களில் அப்போது திறந்திருக்கும் வால்வுகளில் பிஸ்டன்கள் மோதி அவற்றை வளைத்துவிடுவதால், எஞ்சினையே பிரிக்கும் அளவுக்குச் செலவு ஏறிவிடும்.

பதில் 2: பெல்ட்டை எட்டுவதற்கே மூடிகளையும் புல்லிகளையும், சில வண்டிகளில் எஞ்சினைத் தாங்கும் மவுண்ட்டையும் கழற்ற வேண்டியிருப்பதால்தான் கூலி மிகுகிறது. ஆகவே பெல்ட்டை இறுக்கமாக வைத்திருக்கும் டென்ஷனரையும், அதே பெல்ட்டால் ஓடுவதானால் வாட்டர் பம்பையும் சேர்த்தே மாற்றுங்கள். பின்னர் பம்ப் கசிந்தால் அதே கூலியை மறுபடியும் கொடுக்க நேரிடும்.

பதில் 3: கையேட்டில் 1,00,000 கிலோமீட்டர் என்றிருந்தாலும் ஆண்டுக் கணக்கையும் பாருங்கள். குறைவாக ஓடிய வண்டியிலும் ரப்பர் நாள்பட முதுமையடையும். இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுவே கெடு.