ஏர்பஸ் வாங்கியது கடனா, இனாமா?

ரன்வே ராஜா: "போயிங் சொந்தக் காலில் நிற்கிறது, ஏர்பஸ் அரசுப் பணத்தில் வளர்ந்த செல்லப்பிள்ளை" என்று நேற்று இங்கே ஒரு மேதாவி எழுதியிருக்கிறார். ஐயா, விமானம் செய்ய ஏர்பஸ் ஐரோப்பிய அரசுகளிடம் வாங்கியது கடன். விமானம் விற்க விற்கத் திருப்பிக் கட்டும். போயிங்கின் 777எக்ஸ் விமான வேலை வெளியூர் போய்விடக் கூடாதென்று 2013-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் 2040 வரை வரிச்சலுகையை நீட்டித்ததே, மதிப்பு சுமார் 870 கோடி டாலர், அதை யார் திருப்பிக் கட்டுவது?

கணக்கன்: அந்த மேதாவி நான்தான். "விற்க விற்க" சரி, விற்காவிட்டால்? ஏர்பஸின் ராட்சத விமானம் ஏ380 விற்றது மொத்தமே 251-தான். 2021-ல் கடையை மூடியாச்சு. கட்டினால் கடன், கட்டாவிட்டால் மொய்யா?

ரன்வே ராஜா: மொய்யும் திருப்பிச் செய்ய வேண்டியதுதான். உங்கள் ஊரில் எப்படியோ!

கணக்கன்: எங்கள் ஊரை இழுக்க வேண்டாம். ஏ380 கடன் முழுதாகத் திரும்பியதா, இல்லையா?

தும்பி: இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கள். எதிராளியின் விமான மானியத்துக்குப் பதிலடி வரி போட உலக வர்த்தக அமைப்பு 2019-ல் அமெரிக்காவுக்கு ஆண்டுக்கு 750 கோடி டாலர் வரை அனுமதித்தது. அடுத்த ஆண்டே ஐரோப்பாவுக்குச் சுமார் 400 கோடி. இருவர் கையிலும் கறைதான். விமானச் சண்டையில் அமெரிக்க வரியால் அடிவாங்கியது ஸ்காட்ச் விஸ்கி!

கணக்கன்: 750 பெரிதா, 400 பெரிதா? கணக்கு தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

ரன்வே ராஜா: அப்படியா? 2008-ல் அமெரிக்க விமானப்படைக்கு வானில் எரிபொருள் நிரப்பும் விமானங்கள் செய்யும் ஒப்பந்தம் ஏர்பஸ் தாய் நிறுவனம் இருந்த அணிக்குப் போனது. போயிங் முறையிட்டது, மறுபடி டெண்டர், 2011-ல் போயிங்குக்கே கிடைத்தது. இதுதான் சொந்தக் காலா?

கணக்கன்: பயணிகள் விமானம் பேசும்போது போர்ப்படை எதற்கு? மூன்று முறை கேட்டாச்சு. கடன் திரும்பியதா?

சன்னலோரம்: 2023-ல் ஏர் இந்தியா 250 ஏர்பஸ், 220 போயிங் வாங்கியபோது ஒரு பக்கம் மக்ரோன் காணொளியில் வந்தார், இன்னொரு பக்கம் பைடன் அறிக்கை விட்டார். வியாபாரத்தில் அரசே இல்லையாம்!

கணக்கன்: இவர் வேறு. போன வருடம் இதே ராஜாதான் ஏ380 மாதிரி வருமா என்று பத்துப் பதிவு போட்டார். தேடி எடுக்கவா?

ரன்வே ராஜா: எடுங்கள், இப்போதும் அதையேதான் சொல்வேன். அப்புறம், அது கடன்.

கணக்கன்: கட்டாத கடன்.