ரேடாரை யாருமே பார்ப்பதில்லையா? ஹீட்மேப் குழப்பம்

இரவுக்கோழி:
கடைசி வருஷ புராஜெக்டுக்காக, கவுன்டர்-ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கிச் சண்டை வீடியோ கேம் ஆடும்போது கண் எங்கே போகிறது என்று லேபில் 60 ஹெர்ட்ஸ் ஐ டிராக்கர் (நொடிக்கு 60 தடவை பார்வையைப் பதியும் கருவி) வைத்துப் பதிவு செய்தேன். பத்துப் பேர் ஆடினார்கள். கண் அதிகம் நின்ற இடத்தைச் சிவப்பாகக் காட்டும் ஹீட்மேப் எல்லாமே ஒரே மாதிரி, திரை நடுவில் பெரிய சிவப்புப் பொட்டு, இடது மேல் மூலையில் ரேடார் (ஆட்கள் இருக்கும் இடத்தைப் புள்ளியாகக் காட்டும் குட்டி வரைபடம்) இருக்கும் இடம் காலி. ஒரு பயலும் ரேடாரைப் பார்ப்பதில்லை என்று எழுதிவிடலாமா?

மூலைக்கேம்பர்:
எழுதிடாதீங்க தம்பி. கிராஸ்ஹேர், அதாவது குறி பார்க்கும் அடையாளம், நடுவிலேயே நிற்கிற ஆட்டத்தில் கண் அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கும். அதோடு கேமரா திரும்பிக்கொண்டே இருப்பதால், அந்தச் சிவப்புக்குப் பின்னால் அப்போது இருந்தது எதிரியா வெறும் சுவரா என்று ஹீட்மேப்புக்குத் தெரியாது. கேம் உருவாக்கும் மென்பொருளான யூனிட்டியில் சின்னதாக ஒரு லெவல் கட்டினால், பார்வைப் புள்ளியிலிருந்து ரேகாஸ்ட் (கண்ணுக்குத் தெரியாத நேர்கோடு) விட்டு எந்தப் பொருளில் முட்டுகிறது என்று பதிவிலேயே எழுதலாம். இப்போதைக்கு ரேடாரில் எத்தனை நொடி என்பதை விடுங்க, எத்தனை தடவை என்று எண்ணுங்க. கால் நொடி எட்டிப் பார்ப்பதெல்லாம் அந்தச் சிவப்புக்கு முன்னால் நிறமே இல்லாமல் போய்விடும்.

கயல்:
எண்ணினாலும் கண் அங்கே போனது என்று மட்டும்தான் சொல்ல முடியும். 2013-இல் வந்த ஆய்வு ஒன்றில் நுரையீரல் ஸ்கேனுக்குள் கொரில்லா படத்தை ஒட்டிக் கொடுத்தார்கள், 24 ரேடியாலஜிஸ்டுகளில் 20 பேர் கவனிக்கவே இல்லை, அவர்களில் பெரும்பாலோரின் கண் கொரில்லா மேலேயே பட்டிருந்தது! இதன் தலைகீழும் உண்டு, கண்ணை நகர்த்தாமல் ஓரப்பார்வையிலேயே ஒன்றைக் கவனிக்கலாம். நடுவில் திடீரென்று ஆட்டத்தை நிறுத்தி, ரேடாரில் எத்தனை புள்ளி இருந்தது என்று கேளுங்கள்.

அப்புறம், கண்மை போட்டவர்கள் யாராவது இருந்தார்களா? கருப்பு மையைக் கண் பாப்பா என்று நினைத்துக்கொண்டு என் டிராக்கர் ஒரு நாள் முழுக்க இமையைத் துரத்தியது. 24 அங்குல 1920×1080 திரைக்கு 60 செ.மீ. தள்ளி உட்கார்ந்தால், ஒரு டிகிரி பிழையே கிட்டத்தட்ட 38 பிக்சல். ஒவ்வொரு ரவுண்டுக்கும் முன்னால் காலிபரேஷனை, அதாவது கருவி காட்டும் இடமும் கண் பார்க்கும் இடமும் ஒத்துப்போகிறதா என்பதை, சரிபாருங்கள்.

இரவுக்கோழி:
மை போட்டவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள் அக்கா, அவர்களை மறுபடி கூப்பிட வேண்டும். முதல் ஆளின் பதிவை மட்டும் இப்போது எண்ணிப் பார்த்தேன். ஒரே ரவுண்டில் 11 தடவை ரேடாருக்குப் போய் வந்திருக்கிறான்.