எத்தோ ஷிம்பெய்: நீதித்துறையை எழுப்பியவரா, அதையே மீறியவரா?

கொற்கையான்:
மெய்ஜி கால (1868–1912) ஜப்பான் என்றால் புதிய அரசை அமைத்த சாய்கோ, ஓகுபோ, கிதோ என்று மூன்று பெயர்களோடு பேச்சு நின்றுவிடுகிறது. நீதித்துறை என்று வந்தால் முதலில் சொல்ல வேண்டியவர் எத்தோ ஷிம்பெய். 1834இல் ஜப்பானின் தென்மேற்கில் உள்ள சாகாவில் ஒரு ஏழை சாமுராய் வீட்டில் பிறந்தவர். 1872இல் நாட்டின் முதல் நீதி அமைச்சர் ஆனார். அந்தப் பதவியில் இருந்தது ஏறக்குறைய ஒரே வருடம். அதுவரை வரி வசூலிக்கும் அதிகாரியே வழக்கையும் விசாரிப்பார். அவர் மீதே புகார் என்றால் போக இடமில்லை. எத்தோ நீதிமன்றங்களை மாகாண நிர்வாகத்திடமிருந்து பிரிக்கத் தொடங்கினார். நீதிபதி, அரசுத் தரப்பு வழக்கறிஞர், வாதாடுபவர், பத்திரம் எழுதுபவர் என்று ஒவ்வொருவரின் வேலையையும் விதிகளாக வகுத்தார். அந்த வருடக் கடைசியில் வந்த 46ஆம் எண் ஆணைப்படி, அதிகாரி அநியாயம் செய்தால் சாதாரண குடிமகனும் அவர் மீது வழக்குப் போடலாம். தலைமுறை தலைமுறையாக அதிகாரி முன் மண்டியிட்ட மக்களுக்குக் கிடைத்த உரிமை இது.

இப்படிப்பட்டவரை 1874 ஏப்ரலில் மேல்முறையீடு கூட இல்லாமல் தலையை வெட்டி ஊர் பார்க்க வைத்தார்கள். இது நீதியின் பெயரால் நடந்த கொலை என்பதே என் கருத்து. மறுப்பவர்கள் வரலாம்.

நன்மாறன்:
மறுக்கிறேன் ஐயா. பாதிக் கதையைச் சொல்லிவிட்டு மீதியை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். 1874 பிப்ரவரியில் சாகாவில் அரசுக்கு எதிராக ஆயுதம் தூக்கிய கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் அவர். சட்டத்தின் வழியே குறை தீர்க்கலாம் என்று ஊருக்குச் சொன்னவர், தன் முறை வந்ததும் வாளை எடுத்தார். தோற்பது உறுதியானதும் படையை விட்டுவிட்டு சாய்கோவிடம் உதவி கேட்டு ககோஷிமாவுக்குப் போனார். அவரை நம்பிச் சண்டை போட்டவர்களின் கதி என்ன?

இன்னொன்றும் உண்டு. அந்தக் கலகம் சூடுபிடித்ததே, பிப்ரவரி 1ஆம் தேதி சாகா சாமுராய்கள் ஓனோ குழுமம் என்ற பெரிய வணிக நிறுவனத்தின் கிளைக்குள் புகுந்ததில்தான். அதே ஓனோ குழுமம்தான் முந்தைய வருடம் கியோத்தோ நிர்வாகத்தின் மீது 46ஆம் ஆணைப்படி வழக்குப் போட்டது. நீதிமன்றம் யாருக்குப் பாதுகாப்பு கொடுத்ததோ, அவர்கள் கடையிலேயே இவர்கள் கை வைத்தார்கள்.

கொற்கையான்:
பிப்ரவரி 1ஆம் தேதி எத்தோ அந்தக் கூட்டத்தின் தலைவர் இல்லை. அந்தப் பழியை அவர் மேல் போடக் கூடாது. தலைமை ஏற்றது அதற்குப் பிறகு.

கியோத்தோ வழக்கை நீங்களே எடுத்ததால் கேட்கிறேன். ஓனோ குழுமம் தன் வசிப்பிடப் பதிவை வேறு ஊருக்கு மாற்றக் கேட்டது, நிர்வாகம் விடவில்லை, நீதிமன்றம் விடச் சொன்னது. மகிமுரா என்ற அதிகாரி தீர்ப்புக்குக் கட்டுப்பட மறுத்தார். அவர் சோஷூ என்ற பழைய சமஸ்தானத்து ஆள், கிதோவுக்கு வேண்டியவர். தீர்ப்பை மதிக்காத அதிகாரிக்கு மேலிடத்தில் ஆதரவு. சட்டத்தை முதலில் உதைத்தது யார்?

மீனாட்சி த.:
கொற்கையான் அண்ணா, அவர் பிடித்த ஊழல் வழக்குகளையும் சொல்லுங்கள், அது இல்லாமல் இந்தப் பகை புரியாது. யாமாஷிரோயா வசுகே என்ற ராணுவ ஒப்பந்தக்காரர் ராணுவப் பணத்தில் ஆறு லட்சம் யென்னுக்கு மேல் வாங்கிப் பட்டு வியாபாரத்தில் இழந்தார், பாரிஸில் ஆடம்பரமாகச் செலவழித்தார். விசாரணை நெருங்கியதும் ஆவணங்களை எரித்துவிட்டு ராணுவ அமைச்சகக் கட்டடத்திலேயே வயிற்றைக் கிழித்துக்கொண்டார். பணம் கொடுத்த துறைக்குப் பொறுப்பு யமகத்தா. அப்புறம் ஓசரிசவா செப்புச் சுரங்கம். முராய் மோஹெய் என்ற வணிகர் சமஸ்தானத்துக்குக் கொடுத்த கடனை, அவர் பட்ட கடன் என்று நிதி அமைச்சகம் கணக்கில் திருப்பிச் சுரங்கத்தைப் பறித்தது. அந்தத் துறை இனோவே கையில். முராய் முறையிட்ட இடம் நீதி அமைச்சகம்.

நன்மாறன்:
யமகத்தாவும் சோஷூ, இனோவேயும் சோஷூ, மகிமுராவும் சோஷூ. சாகாக்காரர் விசாரிக்கப் போனதெல்லாம் சோஷூ ஆட்களை. இது கோஷ்டிச் சண்டை என்று அன்றைக்கே பலர் நினைத்ததில் ஆச்சரியம் இல்லை.

மீனாட்சி த.:
பணம் போனது உண்மையா இல்லையா? சுரங்கம் பறிபோனது உண்மையா இல்லையா? உண்மை என்றால் விசாரிப்பவர் எந்த ஊர்க்காரர் என்று கேட்பது திருடனுக்குத்தான் உதவும்.

நன்மாறன்:
சரி, ஊழல் உண்மை. ஆனால் எத்தோவை நவீன நீதியின் தந்தை என்று ஏற்றி வைப்பதில்தான் எனக்குச் சிக்கல். அவர் காலத்திலும் வாக்குமூலத்துக்காகச் சித்திரவதை சட்டப்படி நடந்தது. அது நீங்கியது 1879இல். தலையை வெட்டிக் காட்சிக்கு வைக்கும் தண்டனை அவர் அமைச்சராக இருந்தபோதும் சட்டத்தில் இருந்தது. பிரெஞ்சுச் சட்டத்தை மித்சுகுரி ரின்ஷோவை விட்டு மொழிபெயர்க்க வைத்தபோது, தப்பு இருந்தாலும் பரவாயில்லை, சீக்கிரம் முடி என்றாராம். மனிதர்களின் உயிரும் சொத்தும் தங்கியிருக்கும் சட்டத்தில் இந்த அவசரமா?

தறிக்காரன்:
அவசரத்துக்குக் காரணம் இருந்தது. மேற்கத்திய நாட்டவர் ஜப்பானில் குற்றம் செய்தால் அவர்கள் நாட்டுத் தூதரே விசாரிக்கும் ஒப்பந்தம் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. உங்கள் சட்டம் சரியில்லை என்பதுதான் அவர்கள் சொன்ன சாக்கு. முழுமையான சட்டம் வரும்வரை காத்திருக்க நாடு தயாராக இல்லை.

1872இல் யோகோஹாமாவில் பெரு நாட்டுக் கப்பல் மரியா லூஸ் மாட்டியதை நினைத்துப் பாருங்கள். சீனக் கூலிகளை அடிமை போல ஏற்றிப் போனதை ஜப்பான் விசாரித்தது. உங்கள் நாட்டிலேயே பெண்களை விலைக்கு விற்கிறீர்களே என்று எதிர்த்தரப்பு கேட்டது. அந்த வருடமே பரத்தையர் விடுதலை ஆணை வந்தது. கூடவே எத்தோவின் அமைச்சகம், அந்தப் பெண்களிடம் முன்பணக் கடனைத் திருப்பிக் கேட்கக் கூடாது என்று உத்தரவிட்டது. விடுதலை வெறும் காகிதமாகப் போகாமல் இருக்க அந்தக் கடன் உத்தரவுதான் தேவைப்பட்டது. நடைமுறையில் தொழில் வேறு வேடத்தில் தொடர்ந்தது, அது வேறு வேதனை.

கொற்கையான்:
நன்மாறன், கலகத்தை நானும் நியாயப்படுத்தவில்லை. தண்டனை வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். விசாரணை நடந்த விதம்தான் என் கேள்வி. தேடப்படுபவரின் புகைப்படத்தை ஊர் ஊராக அனுப்பும் முறையைக் கொண்டுவந்தவரே அவர்தான். அந்த முறையிலேயே தோசா மாகாணத்தின் கன்னோஉராவில் பிடிபட்டார். சாகாவில் அவசரமாக அமைத்த நீதிமன்றம். அதன் தலைவர் கோனோ தோகாமா, நீதி அமைச்சகத்தில் அவர் கீழ் வேலை பார்த்தவர். ஏப்ரல் 8, 9 என்று இரண்டே நாள் விசாரணை. 13ஆம் தேதி தீர்ப்பு, அன்றைக்கே தலை போனது. தண்டிக்கும் அதிகாரத்தோடு ஓகுபோ அந்த ஊரிலேயே இருந்தார். எத்தோவின் நிலை அருவருப்பாகவும் நகைப்பாகவும் இருந்தது என்று அன்றைய நாட்குறிப்பில் எழுதினார். நிர்வாகி நீதிபதியின் தோளுக்கு மேல் எட்டிப்பார்க்கக் கூடாது என்பதற்காகத்தானே அந்த மனிதர் ஒரு வருடம் போராடினார்?

நன்மாறன்:
விசாரணை மோசம். அதில் உங்களோடு நிற்கிறேன். ஆனால் நீதித்துறை காலூன்றியதன் பெருமையை 1891இன் கொஜிமாவுக்குக் கொடுப்பேன். ரஷ்ய இளவரசரை ஓத்சுவில் வெட்டிய காவலருக்கு மரண தண்டனை கொடு என்று அரசு நெருக்கியது. சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று உச்ச நீதிமன்றத் தலைவரான அவர் உறுதியாக நின்றார், ஆயுள் தண்டனைதான் கிடைத்தது. வாள் எடுக்கவில்லை, ஊரை விட்டு ஓடவில்லை, நாற்காலியில் உட்கார்ந்தபடியே அரசை எதிர்த்தார்.

மீனாட்சி த.:
கொஜிமா உட்கார்ந்த அந்த நாற்காலியை நிர்வாகத்திடமிருந்து முதலில் தள்ளிப் போட்டது யார் என்பதுதான் கொற்கையான் அண்ணா கேட்பது. 1889இல் அரசியலமைப்பு வந்தபோது எத்தோவுக்கு மன்னிப்பு அளித்தார்கள், 1916இல் பட்டமும் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த இரண்டு நாள் விசாரணை சரியா என்று மட்டும் எந்த நீதிமன்றமும் திரும்ப எடுத்துப் பார்க்கவில்லை.