ஊமத்தை தின்ற முயல்: ரத்தத்தில் நொதி பார்க்க வழி உண்டா?

வணக்கம். காரைக்குடி பக்கம் கோட்டையூரில் முயல் வளர்க்கிறேன். கொல்லையில் முளைத்த ஊமத்தையை ஓர் ஆண் முயல் தண்டு வரை கொறித்துவிட்டு, அடுத்த வேளை வேலிமசால் தீவனத்துக்கும் முதல் ஆளாக வந்து நின்றது!

ஊமத்தையில் இருக்கும் நஞ்சான அட்ரோபினைச் சிதைக்கும் அட்ரோபினெஸ்டரேஸ் என்ற நொதி சில முயல்களின் ரத்தத்தில் உண்டு. பரம்பரையாக வருவது, எல்லா முயலுக்கும் இருக்காது. மயக்க ஊசிக்கு முன் முயலுக்கு அட்ரோபினுக்குப் பதில் கிளைக்கோபைரோலேட் என்ற மருந்தைப் போடுவதும் இதனால்தான். (காட்டு முயல் கலப்போ என்று கேட்காதீர்கள். நம் ஊர்க் காட்டு முயல் வேறு பேரினம். அதற்கு 48 குரோமோசோம், வளர்ப்பு முயலுக்கு 44. கலந்து குட்டி பிறக்காது.)

இந்த நொதி இருக்கிறதா என்று சோதிக்க மதுரை, காரைக்குடி வட்டாரத்தில் ஆய்வகம் இருக்கிறதா? சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீர்) எவ்வளவு வேண்டும், ஐஸில் வைத்து அனுப்பலாமா? அப்புறம், அதன் குட்டிகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.