எக்செல் பட்டியலைக் கோஹா நூலக மென்பொருளில் ஏற்றும்போது தமிழ் உடைகிறது, ஒரே நூலின் படிகள் தனித்தனிப் பதிவாகின்றன

இரண்டாங்கட்டு என்ற பெயரில் ஒருவர் கேட்டது:

வணக்கம். காரைக்குடிக்குப் பக்கத்து ஊரில் அறக்கட்டளை நடத்தும் நூலகம். கையெழுத்துப் பதிவேட்டைப் பார்த்து எக்செல்லில் அடித்த 11,400 வரிகள் உள்ளன. ஒரு வரிக்கு ஒரு படி (நூலின் ஒரு பிரதி). மென்பொருள் கோஹா 23.11, டெபியனில் ஓடுகிறது. மார்க்எடிட்டில் (பட்டியலை நூலகப் பதிவுகளுக்கான மார்க் வடிவமாக்கும் நிரல்) மாற்றி ஏற்றிப் பார்த்ததில் வந்த சிக்கல்கள்:

முதல் 4,000 வரிகளில் தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துக் குப்பை. மீதி வரிகளில் வெறும் கேள்விக்குறிகள். ஒரே நூலின் ஐந்து படிகள் ஐந்து தனிப் பதிவுகளாக வருகின்றன. ஐ.எஸ்.பி.என். மூன்றில் ஒரு பங்குக்குத்தான் உண்டு. மற்றவை பழைய நூல்கள், கோயில் குடமுழுக்கு மலர்கள், மணிவிழா மலர்கள். தலைப்பை வைத்துப் பொருத்தலாமா? தமிழ் நூலுக்கும் ஆங்கில நூலுக்கும் தனித்தனிப் பதிவேடு. இரண்டும் 1-இல் தொடங்குகின்றன.

---

பள்ளத்தூர் ஆச்சி பதில்:

தம்பி, எழுத்துச் சிக்கலை முதலில் முடித்துவிடுங்கள். அது சரியாகாமல் மார்க்எடிட் பக்கமே போக வேண்டாம்.

உங்கள் கோப்பில் இருப்பது இரண்டு வெவ்வேறு நோய். ஆங்கிலக் குப்பையாக வருவது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. "தமிழ்" என்ற சொல் நான்கு ஆங்கிலச் சின்ன எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாகத் தெரிந்தால் அது பாமினியேதான். என்.எச்.எம். கன்வர்ட்டரில் யூனிகோடாக மாற்றலாம். ஆனால் ஒரு கலத்துக்குள் தமிழும் ஆங்கிலமும் கலந்திருந்தால், கன்வர்ட்டர் ஆங்கிலத்தையும் தமிழென்று நினைத்துச் சிதைத்துவிடும். பதிப்பகம், பதிப்பு, விலை நெடுவரிசைகளில் இது அதிகம். ஆகவே முழுத் தாளையும் ஒரே மூச்சில் மாற்றாமல் நெடுவரிசை நெடுவரிசையாக மாற்றுங்கள்.

கேள்விக்குறி வருவது வேறு. எக்செல்லில் சாதா சி.எஸ்.வி. ஆகச் சேமித்திருக்கிறீர்கள். அந்தக் கணத்திலேயே தமிழ் தொலைந்துவிட்டது, அந்த சி.எஸ்.வி. கோப்பை எதைக்கொண்டும் மீட்க முடியாது. மூல எக்செல்லுக்குத் திரும்பி "யூனிகோட் டெக்ஸ்ட்" என்று சேமியுங்கள். அது டேப் பிரித்த கோப்பு. காற்புள்ளி பிரித்ததைவிட அதுவே மேல், ஏனென்றால் "மாணிக்கம், வ.சுப." என்ற பெயரில் உள்ள காற்புள்ளி நெடுவரிசையை உடைக்காது. (வட்டத்துக்குள் ஆர் போட்ட குறி வரிசையாக வந்தால் பயப்பட வேண்டாம். அது யுடிஎஃப்-8 (யூனிகோடைச் சேமிக்கும் முறை) எழுத்தைப் பழைய குறியீடாகப் படித்ததால் வருவது. கோப்பு நலமாகவே இருக்கிறது, திறக்கும் முறையை மாற்றினால் போதும்.)

யூனிகோடுக்கு வந்த பிறகும் கண்ணுக்குத் தெரியாத பிழைகள் இருக்கும். தேடலைக் கெடுப்பவை இவைதான்:

"ர்" அடிக்க வேண்டிய இடத்தில் துணைக்காலுக்கு மேல் புள்ளி வைத்திருப்பார்கள். திரையில் வித்தியாசம் தெரியாது. தமிழில் துணைக்காலுக்குப் புள்ளி வரவே வராது என்பதால் தாள் முழுவதும் தேடி மாற்றிவிடலாம், ஆபத்தில்லை.

"கௌரி"யை ஒற்றைக்கொம்பு, க, ள என்று அடித்திருப்பார்கள். இதைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றக் கூடாது. மாற்றினால் "வெள்ளையன்" கெட்டுவிடும், நம் பக்கம் அந்தப் பெயருக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும்.

"ஸ்ரீ"க்கு இரண்டு குறியீடு உண்டு, ஒன்றாக்குங்கள். கொ, கோ போன்றவற்றில் கொம்பையும் காலையும் தனித்தனியாக அடித்திருந்தால் என்.எஃப்.சி. இயல்பாக்கம் (பிரித்து அடித்த குறியீடுகளை ஒன்றாக்கும் யூனிகோட் முறை) சரிசெய்துவிடும், மேலே சொன்ன முதல் மூன்றையும் அது தொடாது.

கலத்துக்குள் ஆல்ட்-என்டர் தட்டி வரி உடைத்திருந்தால் ஒரு நூல் இரண்டு பதிவாகும். எக்செல்லின் கிளீன், டிரிம் இரண்டையும் எல்லா நெடுவரிசைக்கும் ஓட்டுங்கள். ஐ.எஸ்.பி.என்., அக்சஷன் எண் (பதிவேட்டு வரிசை எண்) நெடுவரிசைகள் "டெக்ஸ்ட்" வடிவில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 13 இலக்கம் 9.78 என்று சுருங்கிவிடும், 000123 என்பது 123 ஆகிவிடும்.

---

மேலவீதி பதில்:

ஆச்சி சொன்னது முடிந்த பிறகு இது.

தலைப்பை வைத்துப் பொருத்தாதீர்கள். ஒரே கோயிலின் குடமுழுக்கு மலர் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒன்று வந்திருக்கும். தலைப்பு ஒன்று, ஆசிரியர் பெயர் இல்லை, வெளியிட்டவர் அதே நகரத்தார் குழு. தலைப்புப் பொருத்தம் மூன்று மலரையும் ஒன்றாக்கிவிடும். ஐ.எஸ்.பி.என். பொருத்தமும் முழு நம்பிக்கைக்கு உரியதன்று. பல தொகுதி நூல்களில் எல்லாத் தொகுதிக்கும் ஒரே எண்ணை அச்சிட்டவர்கள் உண்டு.

நீங்களே ஓர் எண் கொடுத்துவிடுங்கள். எக்செல்லைத் தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, பதிப்பு, தொகுதி என்று வரிசைப்படுத்தி, ஆறும் ஒத்திருக்கும் வரிகளுக்கு ஒரே "நூல் எண்" போடுங்கள். அந்த எண் 001 டேகுக்குப் (டேக் என்பது மார்க் பதிவில் ஒரு விவரத்துக்கான எண்ணிட்ட புலம்) போக வேண்டும். இந்த வேலையைக் கண்ணால்தான் செய்ய முடியும். 11,400 வரிக்கு நாள்கள் பிடிக்கும், ஆனால் ஏற்றிய பிறகு பதிவுகளை ஒட்டுவதற்கு ஆகும் காலத்தோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமில்லை.

பிறகு தாளை இரண்டாகப் பிரியுங்கள். கோப்பு 1-இல் ஒவ்வொரு நூல் எண்ணுக்கும் முதல் படி மட்டும். கோப்பு 2-இல் மீதிப் படிகள் அனைத்தும். காரணம், கோஹா பொருத்தம் பார்ப்பது ஏற்கெனவே அட்டவணையில் உள்ள பதிவுகளோடுதான். ஒரே கோப்புக்குள் இருக்கும் இரட்டைகள் ஒன்றையொன்று அறியாது. ஐந்து படி ஐந்து பதிவாக வந்தது இதனால்தான்.

கோஹாவின் பதிவுப் பொருத்த விதியில் புதிதாக ஒன்று: வாசல் மதிப்பு (பொருந்தியதாகக் கொள்ளத் தேவையான குறைந்த மதிப்பு) 1000, பொருத்தப் புள்ளி "கன்ட்ரோல்-நம்பர்", மதிப்பு 1000, டேக் 001. கோப்பு 1-ஐப் பொருத்தம் இல்லாமல் ஏற்றுங்கள். தேடல் அட்டவணை முழுதாகக் கட்டப்பட்டதா என்று நாலைந்து நூலைத் தேடிப் பாருங்கள். அதற்குப் பிறகுதான் கோப்பு 2. அதற்கு இந்த விதியைத் தேர்ந்தெடுத்து, பொருந்தினால் "வரும் பதிவைப் புறக்கணி", பொருந்தாவிட்டாலும் "புறக்கணி", படிகளுக்கு "பொருத்தம் கிடைத்தால் மட்டும் சேர்". பொருந்தாத எண்ணிக்கை 0 என்று வர வேண்டும். வராவிட்டால் ஏற்றாமல் நிறுத்திவிட்டு எந்த எண் என்று தேடுங்கள்.

மார்க்எடிட்டில் டெலிமிட்டட் டெக்ஸ்ட் டிரான்ஸ்லேட்டர்: யுடிஎஃப்-8 கட்டத்தில் டிக் கட்டாயம். லீடரின் (மார்க் பதிவின் தொடக்கப் பகுதி) 9-ஆம் இடத்தில் "ஏ" இல்லாவிட்டால் பதிவு யூனிகோட் அல்ல என்று பொருள், தமிழ் மறுபடி உடையும். 008 டேகில் (குறியீடுகள் நிலையான இடங்களில் வரும் டேக்) 35 முதல் 37 வரை மொழிக் குறி டி.ஏ.எம். ஆங்கில நூல்களைத் தனிக் கோப்பாக மாற்றினால் இதைப் பொதுவாகப் போட்டுவிடலாம். நெடுவரிசைத் தலைப்புகள் உள்ள முதல் வரியை நீக்க மறக்காதீர்கள். மறந்தால் "தலைப்பு" என்ற தலைப்பில், "ஆசிரியர்" எழுதிய நூல் ஒன்று உங்கள் நூலகத்தில் இருக்கும். அடிக்கடி பார்க்கலாம்.

படி விவரம் முழுவதும் 952 டேகில். சப்ஃபீல்டு (டேகின் உட்பிரிவு) எழுத்தைத் தமிழில் எழுதினால் இரண்டு "பி" குழம்பும், அதனால் பெயரையே சொல்கிறேன். கோஹா திரையில் எழுத்து பக்கத்திலேயே இருக்கும். சொந்தக் கிளை, இருக்கும் கிளை, படி வகை மூன்றும் கோஹா நிர்வாகத்தில் நீங்கள் வைத்த குறியீட்டோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். கடைசியில் ஓர் இடைவெளி இருந்தாலும் படி சேராது. பார்கோடு திரும்ப வரக் கூடாது. இரண்டு பதிவேடும் 1-இல் தொடங்குவதால் முன்னொட்டு தேவை. அந்த முன்னொட்டு ரோமன் எழுத்தாக இருக்கட்டும். "த-00123" என்று போட்டால் கோடு 39 வகைப் பார்கோட்டில் தமிழ் எழுத்து அச்சாகாது.

வாங்கிய தேதியை வெறுமனே விட்டால் கோஹா இன்றைய தேதியைப் போட்டுவிடும். வடிவம் 1962-04-01.

---

வெற்றிலைப்பெட்டி பதில்:

பெயரும் தேதியும் விலையும் யாரும் தொடவில்லை. இந்தப் பக்கத்து நூல்களில் உண்மையான தலைவலி அங்கேதான்.

ஆசிரியர் நெடுவரிசையில் "வ.சுப.மாணிக்கம்" என்று இருக்கும், 100 டேகில் (ஆசிரியர் பெயர்) "மாணிக்கம், வ.சுப." என்று திருப்ப வேண்டும். கடைசிப் புள்ளிக்கு வலப்பக்கம் பெயர், இடப்பக்கம் இனிஷியல் என்று எக்செல் வாய்ப்பாடு எழுதினால் பெரும்பாலும் சரியாக வரும். "லெ.ப.கரு.இராமநாதன் செட்டியார்" கூட ஒழுங்காகத் திரும்பும். காற்புள்ளியில் பிரிப்பதோ முதல் புள்ளியில் பிரிப்பதோ இங்கே எடுபடாது, நம்மவர்களின் விலாசம் (பெயருக்கு முன்வரும் இனிஷியல்கள்) நீளம். ஆனால் "சோம.லெ.", "ராய.சொ." இரண்டும் புள்ளியிலேயே முடிகின்றன, வாய்ப்பாடு வெற்றுப் பெயரைக் கொடுக்கும். புள்ளியில் முடியும் வரிகளைத் தனியே வடிகட்டி, இருந்தபடியே விடுங்கள், 100-இன் முதல் குறிகாட்டி (பெயர் எந்த வடிவில் உள்ளது என்று சொல்லும் எண்) 0. "கண்ணதாசன்" போல் புள்ளியே இல்லாதவற்றுக்கும் 0. திரும்பியவற்றுக்கு 1.

இராமநாதன், ராமநாதன் இரண்டையும் 11,400 வரியில் ஒன்றாக்க முயலாதீர்கள். ஏற்றிய பிறகு அதாரிட்டி பதிவில் (ஒருவரின் பெயர் வடிவங்களை இணைக்கும் பதிவு) ஒன்றை 100-இலும் மற்றதை 400-இலும் வையுங்கள். சோம.லெ.வுக்கு லெட்சுமணன் செட்டியார் என்ற பெயரும் அப்படியே 400.

பழைய நூலில் ஆண்டு "விரோதி வருஷம் ஆவணி" என்று மட்டும் இருக்கும். அறுபது ஆண்டுச் சுற்று என்பதால் விரோதி 1889-90 ஆகலாம், 1949-50 ஆகலாம். தாளையும் அச்சகத்தையும் பார்த்து முடிவு தெரியாவிட்டால் 264 டேகில் (வெளியீட்டு விவரம்) சதுர அடைப்புக்குள் "1889 அல்லது 1949". 008-இல் தேதி வகை "கியூ", தேதி 1 1889, தேதி 2 1949. தலைப்புப் பக்கத்தில் ௧௯௧௨ என்று தமிழ் எண் இருந்தால் 008-இல் 1912. அந்த நான்கு இடத்தில் தமிழ் எண்ணை விட்டால் ஆண்டு வரிசை வேலை செய்யாது.

விலை "12-8-0" என்பது 12 ரூபாய் 8 அணா, அதாவது 12.50. "ரூ." நீக்கி எண்ணாகக் கொடுங்கள், மூல வடிவத்தைப் படியின் உட்குறிப்பில் வைத்துக்கொள்ளலாம். நன்கொடை தந்தவரின் விலாசம் "பெறப்பட்ட வழி" சப்ஃபீல்டுக்கு. அதைத் தலைப்புக்குப் பின்னால் அடைப்புக்குள் அடித்து வைத்திருப்பார்கள், பிரித்தெடுக்க வேண்டும்.

---

இரண்டாங்கட்டு:

மூவருக்கும் நன்றி. கோப்பு 1-ஐப் போட்டேன். வேலை 0 சதவீதத்திலேயே நிற்கிறது. மார்க்எடிட் சரிபார்ப்பில் இரண்டு மணிவிழா மலர்களுக்கு நீளப் பிழை வருகிறது. ஒவ்வொன்றிலும் நூறு கட்டுரைக்கு மேல், பொருளடக்கம் முழுவதையும் 505-இல் அடித்திருக்கிறோம். இன்னொன்று, கோலன் வகைப்பாட்டு எண் வைத்த நூல்கள் அடுக்கு வரிசையில் தாறுமாறாக வருகின்றன.

---

மேலவீதி பதில்:

0 சதவீதம்: நீண்ட வேலைகளுக்கென்று தனி வரிசை உண்டு, பெயர் "லாங் டாஸ்க்ஸ்". சாதாரணப் பணியாள் (வொர்க்கர் நிரல்) மட்டும் ஓடினால் அது இந்த வரிசையை எடுக்காது. சர்வரில் கோஹா-வொர்க்கரை அந்த வரிசைக்கும் தொடங்குங்கள், ராபிட் எம்.கியூ. (வேலைகளைப் பணியாளிடம் சேர்க்கும் நிரல்) ஓடுகிறதா என்றும் பாருங்கள். மறுபடி மறுபடி ஏற்றாதீர்கள். பணியாள் எழுந்ததும் நிற்பவை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும்.

11,400-ஐயும் ஒரே கோப்பாகப் போட வேண்டாம், 1,000 ஆகப் பிரியுங்கள். அதற்கும் முன்னால் 50 பதிவு மட்டும் சோதனை: மலர் ஒன்று, ஆசிரியர் இல்லாதது ஒன்று, புள்ளியில் முடியும் பெயர் ஒன்று, ஐந்து படி உள்ளது ஒன்று கட்டாயம் இருக்கட்டும். தவறினால் "ஏற்றியதைத் திரும்பப் பெறு" இருக்கிறது. ஆனால் அதற்குள் யாருக்காவது படியை இரவல் கொடுத்துவிட்டால் அந்தப் படி நீங்காது. ஏற்றும் வேலை முடியும்வரை இரவல் கவுன்டரை மூடுங்கள். கட்டளை வரியில் மொத்தமாக ஏற்றும் நிரலுக்கு இந்தத் திரும்பப் பெறும் வசதியே கிடையாது.

---

பள்ளத்தூர் ஆச்சி பதில்:

நீளப் பிழைக்குக் காரணம் தமிழின் எடை. மார்க் கோப்பில் ஒரு டேகின் நீளத்தைக் குறிக்க நான்கு இலக்கம்தான், உச்சம் 9,999 பைட். ஆங்கில எழுத்து 1 பைட். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுப் புள்ளியும் 3 பைட், உயிர்மெய்யில் பாதிக்கு மேல் இரண்டு புள்ளி. "பிள்ளையார்பட்டி" நமக்கு எட்டு எழுத்து, கணினிக்கு 15 புள்ளி, 45 பைட். நூறு கட்டுரைத் தலைப்பும் ஆசிரியர் பெயரும் சேர்ந்தால் எல்லை தாண்டிவிடும். 505-ஐ இரண்டு மூன்றாகப் பிரியுங்கள், அந்த டேக் திரும்ப வரலாம். இல்லாவிட்டால் அந்த இரண்டு மலரை மட்டும் மார்க் எக்ஸ்.எம்.எல். ஆகக் கொடுங்கள், அதில் இந்த எல்லை இல்லை.

கோலன் எண்ணுக்கு 952-இன் வகைப்பாட்டு மூலத்தில் டூயி (தசம வகைப்பாடு) என்று இருக்கும். அதன் அடுக்கு விதி கோலன் குறிகளைப் புரிந்துகொள்ளாது. "பொது" மூலத்துக்கு மாற்றுங்கள். இன்னும் ஏற்றவில்லை என்பதால் எக்செல்லிலேயே மாற்றிவிடலாம்.

தேடலில் தமிழ்ச் சொல் பாதி கிடைத்துப் பாதி கிடைக்காமல் போனால், கோஹாவின் தேடுபொறியான ஜீப்ரா பழைய சி.எச்.ஆர். முறையில் இருக்கிறது என்று பொருள். யூனிகோடைப் புரிந்துகொள்ளும் ஐ.சி.யூ. முறைக்கு மாற்றி முழு மறு அட்டவணை ஓட்ட வேண்டும். கோப்பு 2-ஐத் தொடும் முன்பே அதைச் செய்துவிடுங்கள் தம்பி.